இறுவட்டிலிருந்து கணினிக்கு: எந்த மென்பொருளை நம்புவது?

 

சில மாதங்களுக்கு முன் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி தன் கணவருடன் எமது வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் 11 இறுவட்டுகள். அவற்றுள் பத்து, கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்களும் வேறு இஸ்லாமியக் கீதங்களும். பதினோராவது இறுவட்டில் கடைப்பெயரும் இல்லை, படமும் இல்லை. பேனையால் “வாப்பா” என்று மட்டும் எழுதியிருந்தது.

அச்சகோதரியின் தந்தையார் கலியாண வீடுகளிலும் மீலாத் விழாக்களிலும் பாடியவர். 2005 ஆம் ஆண்டில் ஊரிலிருந்த ஒரு ஒலிப்பதிவு நிலையத்தில் அவருடைய ஆறு பாடல்களைப் பதிந்து ஓர் இறுவட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். 2011 இல் அவர் மௌத்தாகிவிட்டார். வீட்டில் அவருடைய குரல் இருப்பது அந்த ஒரேயொரு தட்டில்தான்.

பாடலும் இசையும் பற்றிய மார்க்கத் தீர்ப்பு என்னவென்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அது நீண்ட விடயம். இன்னொரு மாதத்தில் எழுதலாம், இன்ஷா அல்லாஹ். இம்மாதம் நான் எழுதப்போவது, வீட்டிலிருக்கும் இறுவட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவதற்கு எத்தகைய மென்பொருளைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதைப் பற்றியாகும். பாடலோ, பயானோ, கிராஅத்தோ, உம்மாவின் தாலாட்டோ, எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்.

நடந்தது என்ன?

புதிய லெப்டொப்களில் இறுவட்டுப் போடும் இடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அச்சகோதரி பக்கத்து வீட்டுப் பழைய கணினியில் இறுவட்டுகளைப் போட்டு, உள்ளே தெரிந்த கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவுக்குப் பிரதி செய்திருக்கிறார். ஓர் இறுவட்டுக்கு ஒரு செக்கன்கூட ஆகவில்லை. ‘ட்ரெக் 1’, ‘ட்ரெக் 2’ என்று எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கையும் சரி. இனி இவை எதற்கு என்று, வீட்டுத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் குருவிகளும் அணில்களும் வராதபடி இறுவட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெயிலில் மின்னி ஆடும் தட்டுகளுக்குப் பறவைகள் பயப்படும் என்பது எல்லா ஊரிலும் செய்கிற வேலைதானே.

மூன்று வாரம் கழித்து, பெருநாளுக்கு வந்த தம்பி “வாப்பாட பாட்டைப் போடுங்க ராத்தா” என்று கேட்டபோதுதான் விடயம் தெரிய வந்தது. பென் டிரைவில் ஒன்றும் பாடவில்லை.

“கம்பியூட்டர் ஒரு பிழையும் காட்டல்லயே மௌலவி” என்று அவர் என்னிடம் சொன்னார். கணினி பிழை காட்டவில்லை என்பது உண்மை. ஏனெனில் அவர் பிரதி செய்தவை பாடல்களே அல்ல. ஒலி இறுவட்டை விண்டோஸ் கணினியில் திறந்தால் ‘சீ.டி.ஏ.’ என்று முடியும் சிறு கோப்புகள் தெரியும். அவை ஒவ்வொன்றும் வெறும் 44 பைட் அளவானவை. பாடல் தட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். கிதாபின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு கிதாபைக் கொடுத்துவிட்டது போன்றதாகும் இது.

ஆகவே சகோதரிகளே, முதலில் மனதில் வைக்க வேண்டியது: விண்டோஸ் கணினியில் ஒலி இறுவட்டை இழுத்துப் போட்டுப் பிரதி செய்ய முடியாது. தட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, அந்த ஒலியைக் கோப்பாக எழுதும் மென்பொருள் ஒன்று வேண்டும். உங்கள் தட்டில் நூறு பாடல்கள் இருந்தால், அது பெரும்பாலும் எம்பீ3 இறுவட்டு. அதில் கோப்புகள் ஏற்கெனவே கோப்புகளாகவே இருப்பதால் அப்படியே பிரதி செய்துகொள்ளலாம், மென்பொருள் தேவையில்லை.

இறுவட்டில் இருப்பது என்ன?

ஒலி இறுவட்டு 1982 இல் விற்பனைக்கு வந்தது. அதற்கென வகுக்கப்பட்ட அளவு இன்றுவரை மாறவில்லை. ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, இடம் வலம் என்ற இரண்டு பக்கங்களுக்கும் எழுதியிருப்பார்கள். ஒரு நிமிட ஒலிக்குச் சுமார் பத்தரை மெகாபைட் இடம் வேண்டும். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம் வரை கொள்ளும். தட்டின் நடுவிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கிச் சுருளாக எழுதப்பட்டிருப்பதால், முதற் பாடல் உட்பக்கத்திலும் கடைசிப் பாடல் வெளிப்பக்கத்திலும் இருக்கும்.

தட்டில் கீறல் விழும் என்று அதை உருவாக்கியவர்களுக்குத் தெரியும். அதனால் எண்களை அப்படியே வரிசையாக எழுதாமல், கலைத்துப் பரப்பி, பிழை திருத்துவதற்கான மேலதிக எண்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சுமார் 2.5 மில்லிமீற்றர் அளவுக்குத் தகவல் கெட்டுப் போயிருந்தாலும் முழுமையாக மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கருவி என்ன செய்யும்? விடுபட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்த்து, நடுவில் இது இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் அவ்விடத்தை மௌனமாக்கிவிடும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. பாடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் நாம் காலத்துக்கும் வைத்திருக்கப் பிரதி எடுக்கும்போது, இந்த ஊகம்தான் ஆபத்தாகிறது. ஊகித்து நிரப்பியது உண்மையாக வாசித்ததுடன் சேர்ந்து கோப்பில் பதிந்துவிடும். பிறகு எது அசல், எது நிரப்பியது என்று எவராலும் பிரித்தறிய முடியாது.

நான் செய்த தவறு

அந்த “வாப்பா” தட்டைப் பார்த்தேன். கடையில் வாங்கும் இறுவட்டு தொழிற்சாலையில் அச்சுப்போல் அழுத்திச் செய்யப்படுவது. இதுவோ கணினியில் பதிந்தது. இவ்வகைத் தட்டில் ஒலி ஒரு சாயப் படையில் பதியப்படுகிறது. அந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும். மூன்று வாரம் மரத்தில் தொங்கிய தட்டின் வெளி விளிம்பு நிறம் மங்கிப் போயிருந்தது.

யூ.எஸ்.பி. மூலம் பொருத்தும் இறுவட்டுக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. கணினியில் ஏற்கெனவே இருந்த சாதாரண மென்பொருளொன்றைக் கொண்டு மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் ஆறு பாடலும் முடிந்தது. முடிந்துவிட்டது என்று திரையில் அறிவித்தலும் வந்தது. நானும் மகிழ்ச்சியோடு சகோதரியிடம் “அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் வந்துவிட்டது” என்று சொல்லிவிட்டேன். அவர் போட்டுக் கேட்டார். நான்கு பாடல் நன்றாக இருந்தது. ஐந்தாவதில் இடையிடையே எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். ஆறாவது பாடல் பாதிக்கு மேல் வெறும் இரைச்சல். கேட்டுப் பார்க்காமல் சொன்னது என் தவறு. ஆனால் பிழை நேர்ந்ததை அந்த மென்பொருள் எனக்குச் சொல்லவுமில்லை.

மென்பொருளைத் தெரிவு செய்யும்போது பலரும் வேகத்தையும் அழகான திரையையும் பார்க்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தன்னால் வாசிக்க முடியாமற்போன இடத்தை, “இதை நான் வாசிக்கவில்லை” என்று இது ஒப்புக்கொள்ளுமா? ஒப்புக்கொள்ளுமாயின் அதை நம்பலாம். இல்லையாயின், அது தரும் நல்ல கோப்பையும் நம்ப முடியாது.

நம்பத்தக்கவை யாவை?

விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு ‘எக்ஸாக்ட் ஒடியோ கொப்பி’ என்ற மென்பொருள் உண்டு. அந்த்ரே வீட்டோஃப் என்ற ஜேர்மனியர் உருவாக்கியது. சொந்தப் பாவனைக்கு இலவசம். ஒரு செக்கன் ஒலி தட்டில் 75 துண்டுகளாக இருக்கிறது. இந்த மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் ஓடவிட்டால், ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு தடவை வாசித்து ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலும் 16 தடவை வாசிக்கும். அவற்றுள் எட்டுத் தடவை ஒரே விடை வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால், நாம் அனுமதித்த அளவுக்கு, ஆகக் கூடியது ஐந்து முறை அந்தப் பதினாறையும் திரும்பச் செய்யும். அப்போதும் முடியாவிட்டால், எந்தப் பாடலில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கனில் சந்தேகம் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிடும்.

இதன் குறை, முதன்முறை ஒழுங்கு செய்வது சிரமம் என்பதாகும். திரையும் பழைய பாணியிலானது. வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் சரிசெய்து தரும். அதன்பின் நீங்களே செய்துகொள்ளலாம்.

‘டீபீ பவர்அம்ப்’ என்பது விண்டோஸிலும் அப்பிள் மெக் கணினியிலும் ஓடும். பணம் கொடுத்து வாங்க வேண்டும். நிறைய இறுவட்டு உள்ளவர்களுக்கும் அமைப்புகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கும் அது இலகு. மெக் கணினிக்கு ‘எக்ஸ்.எல்.டி.’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இவை இரண்டும் திரும்பத் திரும்ப வாசித்து அறிக்கை தருபவையே.

விண்டோஸிலும் அப்பிளிலும் கூடவே வரும் பாட்டுப் போடும் மென்பொருள்களும் இறுவட்டை மாற்றித் தரும். கீறலே இல்லாத, கடையில் மீண்டும் வாங்கக்கூடிய தட்டுக்கு அவை போதும். ஆனால் உலகத்தில் ஒரேயொரு பிரதிதான் உள்ள தட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம். விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகளில் நகல் காப்பு என்றொரு ஏற்பாடும் இருந்தது. அது போட்டிருந்தால், நீங்கள் மாற்றிய பாடல் உங்கள் கணினியைத் தவிர வேறெதிலும் பாடாது. இருபது வருடத்துக்கு முன் அப்படி மாற்றியவர்கள் அந்தக் கோப்புகளை இன்றே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மூன்றிலும் ‘எக்கியுரேட் ரிப்’ என்ற இன்னொரு வசதி உண்டு. நீங்கள் ஒரு பாடலை மாற்றியதும், அதே இறுவட்டை உலகின் வேறு இடங்களில் மாற்றியவர்களுக்குக் கிடைத்த எண்ணுடன் உங்கள் எண்ணை இணையம் மூலம் ஒப்பிட்டுச் சொல்லும். ஒருவரையொருவர் அறியாத இருபது பேருக்கு, இருபது கணினியில், ஒரே எண் வந்திருந்தால் அதில் பிழை இருக்க இடமில்லை. தனித்தனி வழியாக வந்த அறிவிப்புகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதை ஹதீஸ் பாடத்தில் படித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஆனால் தமிழ் இறுவட்டுகள் பல அந்தப் பட்டியலில் இராது. வீட்டில் பதிந்த தட்டு இருக்கவே மாட்டாது. அவற்றுக்கு, எக்ஸாக்ட் ஒடியோ கொப்பியில் ‘டெஸ்ட் அண்ட் கொப்பி’ என்றிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். முழுப் பாடலையும் இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, இரண்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஒன்றாக இருந்தால் மனம் ஆறுதல் அடையலாம்.

எந்த வடிவத்தில் வைப்பது?

மென்பொருள் உங்களிடம் இதைக் கேட்கும். எம்பீ3 என்பது காதுக்கு எளிதில் படாதென்று கருதும் பகுதிகளை நீக்கி ஒலியைச் சுருக்கும் முறை. ஒரு மணி நேர ஒலியை, 128 என்ற அளவில் 58 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். நீக்கியது திரும்ப வராது. ‘ஃப்ளெக்’ என்பதும் சுருக்குவதுதான். ஆனால் ஒன்றையும் நீக்காது. துணியை வெட்டாமல் மடித்து வைப்பது போன்றது. விரித்தால் முழுத் துணியும் இருக்கும். 2001 இல் வெளிவந்த இந்த முறை எவருக்கும் இலவசம். ஒரு மணி நேர ஒலி பெரும்பாலும் 300 முதல் 400 மெகாபைட் வரை வரும். நூறு இறுவட்டு இருந்தாலும் 64 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே பாதுகாத்து வைப்பது ஃப்ளெக்கில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் கேட்பதற்கு அதிலிருந்து எம்பீ3 எடுத்துக்கொள்ளுங்கள். எம்பீ3 ஐ ஃப்ளெக்காக மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை, போனது போனதுதான்.

கோப்புக்குப் பெயர் எழுதும்போது யுனிகோட் தமிழில் எழுதுங்கள். நம் நாட்டில் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். பாமினியில் எழுதிய பெயர் வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். பாடியவர் யார், எப்போது, எங்கே பதிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் குரலைக் கேட்டு ஆளைத் தெரியாது.

கவனிக்க வேண்டிய சில விடயங்கள்

தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். அடிப்பக்கத்தைவிட, பெயர் எழுதியிருக்கும் மேற்பக்கத்தையே அதிகம் கவனிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் அதிகமான தடிப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது. ஒலியைத் தாங்கும் படையோ பெயருக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. மேலே கீறினால் அது உரிந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் வாசிக்க முடியாது.

முதலில் வீட்டில் பதிந்த தட்டுகளை மாற்றுங்கள். கடையில் வாங்கியவை காத்திருக்கலாம். மாற்றிய பின் ஒவ்வொரு கோப்பையும் போட்டுக் கேளுங்கள். இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது ராத்தா வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். அசல் தட்டையும் வீசிவிடாமல், வெயில் படாத லாச்சியில் உறையோடு வையுங்கள்.

கடையில் வாங்கிய பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. முறையாக வாங்கிய பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இடமளிக்கிறது. அதை விற்பதும் வட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் வேறு விடயம். பாடியவரின் உரிமையும் ஓர் அமானிதமே.

அந்த இறுவட்டுக்கு என்ன ஆனது?

எக்ஸாக்ட் ஒடியோ கொப்பியை இஷாவுக்குப் பின் ஓடவிட்டேன். ஸுபஹுக்கு எழும்பியபோதும் கருவி சுழன்றுகொண்டுதான் இருந்தது. முற்பகலில் முடிந்தது. முதல் நான்கு பாடலும் பிழையில்லை என்று அறிக்கை கூறியது. முன்னர் வெடித்த ஐந்தாவது பாடல் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு செக்கனுக்கும் குறைவாகச் சந்தேகம் என்று நேரத்துடன் குறித்திருந்தது. ஆறாவதை மீட்க முடியவில்லை. தட்டின் விளிம்பில் சாயம் போய்விட்ட பிறகு எத்தனை தடவை வாசித்தாலும் அங்கே வாசிப்பதற்கு ஒன்றுமில்லை.

சகோதரிக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆறாவது பாடல் இல்லை என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஐந்தாவதில் குறை எங்கே என்று கேட்டார். அறிக்கையில் இருந்த நிமிடத்தையும் செக்கனையும் சொன்னேன். “அந்த இடத்தில வாற சொல் எனக்குப் பாடம் மௌலவி” என்றார். அதை ஒரு கடதாசியில் எழுதி இறுவட்டின் உறைக்குள் வைத்திருப்பதாகப் பின்னர் அறிவித்தார். ஆறாவது பாடலின் வரிகளையும், தம்பியும் அவரும் நினைவிலிருந்தவரை, எழுதி வைத்திருக்கிறார்களாம்.

உங்கள் வீட்டு லாச்சியிலும் பெயர் எழுதாத ஒரு தட்டு கிடக்கக்கூடும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மாற்றத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கொண்டு கொடுங்கள். கொடுக்கும்போது “அறிக்கையையும் சேர்த்துத் தாருங்கள்” என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.